தெய்வநாயகம், ஆண், வயது 24

டிசம்பர் 19, அம்பாசமுத்திரம்

வேலை கிடைத்துவிட்டது! மொட்டை மாடியில் நின்று இதை எழுதுகிறேன். கீழே உட்கார்ந்து எழுதினால் அப்பா எட்டிப் பார்த்துவிடுவார்.

கோயம்புத்தூர் கம்பெனி. நூலின் பருமன் ஒரே சீராக இருக்கிறதா என்று அளக்கும் கருவியைச் செய்து நூற்பாலைகளுக்கு விற்கிறார்கள். அந்த ஆலைகளுக்குப் போய், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கருவியை ஓட்டக் கற்றுத் தருவது என் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். குண்டூர், நாக்பூர், லூதியானா என்று நேர்காணல் செய்தவர் ஊர்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். "இவ்வளவு பயணம் உங்களால..." என்று அவர் தொடங்கியதுமே "முடியும் சார்" என்றேன். பிறகுதான் கேள்வி முடிந்தது.

ஒரு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் நான் கடின உழைப்பாளி, யாரோடும் இணைந்து பணிபுரிவேன். எனக்கே அந்தப் பெண் யாரென்று தெரியவில்லை. இந்த விண்ணப்பத்தில் மட்டும், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லென்ஸுக்கு அடியில் நூலைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்த நாளைப் பற்றி நான்கு வரி எழுதினேன். தமிழ்நாட்டைத் தாண்டியதே இல்லை, தாண்ட ஆசை என்றும் எழுதினேன். அவர்கள் கேட்டதெல்லாம் அந்த நான்கு வரியைப் பற்றித்தான். வேலை தேடுகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைச் சொல்ல வேண்டும்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "ஆபீஸுக்குள்ளதான வேல?"

"ஆபீஸ் வேலதாம்ப்பா."

ஆபீஸ் கொடுக்கிற வேலை, ஆகவே ஆபீஸ் வேலை. இது பொய் ஆகாது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்லூரி நாட்களில் திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ் அரை மணி தாமதமானால்கூட, பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பார். அவரிடம் லூதியானா என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 2, கோயம்புத்தூர்

முதல் நாள். வேலையில் சேரும் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள், முதல் பெயர், கடைசிப் பெயர். எனக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒரு 'தெ.' மட்டும். கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை ஏற்க மாட்டேன் என்றது. "அப்பா பேர முழுசாப் போட்டுருங்க மேடம்" என்றாள் படிவங்களைச் சரிபார்த்த பெண். போட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்திலும் அப்பா பெயர், அப்பா எண். ஒரே தாளில் இரண்டு தெய்வநாயகம்.

மதியத்துக்குள் என் மின்னஞ்சல், அடையாள அட்டை, மேசை மேல் ஒட்டிய சீட்டு எல்லாவற்றிலும் தெய்வநாயகம் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் கடைசிப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. என் பெயரான உமையாளைக் காணோம்.

பக்கத்து மேசை ஜெபராஜ், நாகர்கோவில்காரர். பதினோரு வருடமாகக் கருவிகளைப் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகிறவர். சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார்.

"நீங்களா தெய்வநாயகம்?"

"அது எங்கப்பா."

"அவர வேலைக்கு எடுத்துட்டு ஒங்கள வரச் சொல்லியிருக்கானுவளா? சரி, இனி தெய்வமேன்னு கூப்பிடுகேன். எனக்கும் புண்ணியம் கிடைக்கும் பாத்துக்கிடுங்க."

மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குப் பிறகு நிரந்தரம்.

ஜனவரி 11

லூதியானா! டிக்கெட் போட்டுவிட்டார்கள். இருபதாம் தேதி கிளம்ப வேண்டும்.

ஜனவரி 16, அம்பாசமுத்திரம்

பொங்கலுக்கு வந்தேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் கரும்பைக் கடித்தேன்.

கிளம்பும்போது அப்பா பீரோவின் அடித்தட்டிலிருந்து தன்னுடைய பழைய பழுப்பு மப்ளரை எடுத்து என் பைக்குள் வைத்தார். கூடவே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். "நாலு நாள் ஆனாலும் கெடாது" என்றார். கோயம்புத்தூர் ஓர் இரவுப் பயணம்தான். அவர் கணக்கில் அது எங்கேயோ இருக்கிறது.

ஜனவரி 21, ரயில்

நாக்பூர் தாண்டியாயிற்று. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஈரோட்டில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் தமிழர். என் இருக்கைக்கு வந்து பட்டியலைப் பார்த்தார்.

"தெய்வநாயகம் எங்கம்மா? அப்பா பாத்ரூம் போயிருக்காரா?"

"நான்தான் சார் தெய்வநாயகம்."

"ஆண், வயசு இருபத்திநாலுன்னு இருக்கே?"

ஆதாரைக் காட்டினேன். உமையாள், தந்தை பெயர் தெய்வநாயகம். அவர் சிரித்துவிட்டார். "இது நம்மாளுங்களுக்கு மட்டும் வர்ற வியாதிம்மா. தமிழ்நாட்டத் தாண்டினா எல்லாரும் நம்மள அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான். ஆபீஸ்ல சொல்லித் திருத்திக்குங்க."

பெயரைப் பார்த்து ஆண் என்றும் போட்டுவிட்டார்கள், திருத்த வேண்டும். ஆனால் முதல் பயணத்திலேயே ஒரு புகாரோடு போய் நிற்க மனம் வரவில்லை. 'பெண்களை அனுப்பினால் இப்படி ஏதாவது' என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் முடியட்டும்.

நேற்று வரை தெலுங்கு எழுத்து, விடிந்ததும் இந்தி எழுத்து. பெயர்ப் பலகை ஒவ்வொன்றுக்கும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறேன். கொண்டுவந்த தடித்த ருஷ்ய நாவலில் பன்னிரண்டு பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினேன். நான்கை அப்பாவுக்கு என்று எடுத்து வைத்தேன். கோயம்புத்தூரில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அது மட்டும் பொய்யாகப் பட்டது. நான்கையும் நானே தின்றேன்.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பா கூப்பிட்டார்.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேம்ப்பா."

"என்ன சத்தம் அது?"

"மிஷின் ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். மப்ளரக் காதோட சேத்துக் கட்டு. கழுத்துல சும்மா தொங்க விடாத."

"கோயம்புத்தூர்ல அவ்ளோ குளிரெல்லாம் இல்லப்பா."

"இருக்கும்ட்டி. போகப் போக இருக்கும்."

ஜனவரி 24, லூதியானா

நான்கு டிகிரி. மப்ளரை அவர் சொன்ன மாதிரியே கட்டியிருக்கிறேன்.

நேற்று முதல் வகுப்பு. ஆறு பேர், எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். என் இந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு திருத்தினார்கள், பிறகு கற்றுக்கொண்டார்கள். திரையில் நூலின் தடித்த இடமும் மெலிந்த இடமும் மலையும் பள்ளமுமாக ஓடியபோது, ஒருவர் என் ருஷ்ய நாவல் அளவுக்குத் தடித்த பதிவேட்டை எடுத்து வந்து, தன் பழைய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரிதான்" என்றார். எனக்குப் பதக்கம் கிடைத்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 9, விஜயவாடா ரயில் நிலையம்

குண்டூர் முடிந்தது. இரண்டாவது பயணத்தில் எனக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. அறிக்கையைத் திரும்பும் ரயிலிலேயே எழுதி முடிப்பது, வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வளரும். ஒரு ஜோடி உடையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைப்பது. ஆலையில் சாப்பிடக் கூப்பிட்டால் அதிகாரிகள் மேசைக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்துப் பெண்களோடு உட்காருவது. எந்த ஊராக இருந்தாலும் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. வேலைக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊருக்குப் போனதாகவே ஆகாது.

குண்டூரில் அந்த ஒரு மணி நேரத்தை மிளகாய் மண்டியில் செலவழித்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு. தும்மித் தும்மி, அழுது அழுது, சிரித்துக்கொண்டே நின்றேன். ஒரு பாட்டியம்மா பரிதாபப்பட்டு வெல்லம் கொடுத்தார்.

அப்பா போனில், "காரமா இருந்தா தயிர ஜாஸ்தியா ஊத்திக்கோ, வயித்துக்கு ஆகாது" என்றார். நான் தங்கியிருக்கும் கோயம்புத்தூர் விடுதிச் சாம்பாரில் காரமே கிடையாது என்று அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். மறந்துவிட்டார் போல.

பிப்ரவரி 27, பில்வாரா

காலை ஏழு மணிக்கு ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தேன். அகமதாபாத் வேலையை முடித்துவிட்டு ஜெபராஜ் எனக்கு முன்னாலேயே வந்து வரவேற்பில் நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"தெய்வமே, ஒரு சின்ன சிக்கல். நமக்கு ஒரே ரூம்."

முன்பதிவுத் தாளைக் காட்டினார்கள். அவருக்கும் தெய்வநாயகத்துக்கும், இரண்டு ஆண்கள், இரண்டு கட்டில், ஓர் அறை. கல்யாண சீசன். ஊரில் எங்கேயும் இடம் இல்லை என்று வரவேற்பில் இருந்தவர் கையை விரித்தார்.  ஜனவரியிலேயே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். தள்ளிப் போட்டது நான்.

ஜெபராஜ் தன் பையைத் தோளில் மாட்டினார். "கர்ப்பக்கிரகம் தெய்வத்துக்கு. பூசாரி வெளிய படுத்துக்கிடுவான். மில்லுல டிரைவர்மாருக்கு ஒரு ரூம் உண்டு, எனக்கு அங்க பழக்கம்தான்."

"சாரி சார். என் தப்பு."

"ஒங்க தப்பு இல்ல, ஒங்கப்பா தப்பு. பேர சின்னதா வச்சிருந்தா கட்டத்துல அடங்கியிருக்கும்லா?"

அப்பா இன்று, "தண்ணி உப்பா இருக்கும், பாத்துக் குடி" என்றார்.

"எங்கப்பா உப்பு?"

"அதாம்ட்டி... ஒங்க ஹாஸ்டல்ல."

கோயம்புத்தூரின் சிறுவாணித் தண்ணீரை உப்பு என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் என் அப்பாதான்.

பிப்ரவரி 28, பில்வாரா

கண்டுபிடித்துவிட்டேன்!

இந்த ஆலையிலிருந்து நான்கு மாதமாக ஒரே புகார். காலையில் கருவி சரியாக அளக்கிறது, மதியத்துக்கு மேல் அளவு தாறுமாறாகிறது. எங்கள் ஆட்கள் மூன்று முறை வந்து, கருவியைப் பிரித்துப் பார்த்து, குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜெபராஜ் நான்காவது.

இன்று ஆய்வுக்கூடத்துப் பெண்களோடு ரொட்டி சாப்பிட்டேன். முடித்ததும் ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தின் பின் கதவைத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். உள்ளே சிக்னல் கிடைக்காதாம். முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் பேசுவார்களாம். ஒரு மணி நேரம் அந்த ராஜஸ்தான் காற்று உள்ளே வருகிறது. அறையின் ஈரப்பதம் போய்விடுகிறது. காய்ந்த நூல் வேறு அளவுதானே காட்டும்!

"மூணு தடவ வந்தவங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அவங்க கருவியைத்தானே கேட்டாங்க, எங்களையா கேட்டாங்க" என்றாள்.

அவர்களை மாட்டிவிடாமல் அறிக்கை எழுதினேன். மதிய இடைவேளையில் பேசுவதற்குத் தாழ்வாரத்தில் சிக்னலைக் கூட்டும் கருவி ஒன்று வையுங்கள், பின் கதவு தானாக மூடும்படி செய்யுங்கள், அளவு சரியாகிவிடும் என்று. ஜெபராஜ் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "செங்கல்லு! நாலு மாசமா நம்ம ஆளுவ மிஷினப் பிரிச்சுட்டு இருக்கானுவ, காரணம் ஒரு செங்கல்லு!"

மார்ச் 4, கோயம்புத்தூர்

எங்கள் பிரிவு மேலாளர் குழந்தைசாமி சார் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்று பில்வாரா ஆலையின் நன்றிக் கடிதம். இன்னொன்று, அறையில் தங்க வேண்டியவர் ஏன் தங்கவில்லை என்று டிக்கெட்டும் அறையும் போட்டுத் தரும் ஏஜென்சி அனுப்பிய விசாரிப்பு.

"அம்மணி, உங்க வேலை சுத்தமுங்க. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா இந்த ரூம் விவகாரம் எனக்குச் சரியாப் படலீங்க. நல்ல ஆளு ஜெபராஜ், ஒதுங்கிட்டான். எல்லாரும் அப்படியா இருப்பாங்க? பேசாம உள்ளயே டெஸ்க்ல இருந்துக்குங்க. போன்லயே சொல்லிக் குடுக்கலாமுங்க."

"போன்ல செங்கல் தெரியாது சார்."

அவர் உதட்டோரம் அசைந்தது. ஆனாலும் விடவில்லை. "சரி, ஒண்ணு பண்ணலாம். உங்க அப்பா நம்பர் நம்மகிட்ட இருக்குது. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவரு அனுப்பறேன்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க."

 நிரந்தரமா டெஸ்க்கா என்பது அந்த ஒரு போனில் இருந்தது. அதைவிட, அவர் கூப்பிட்டால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அதுவும் இன்னொருவர் வாயால். ஆனால் நான் அடுத்துச் சொன்னது அதற்காக மட்டும் அல்ல. அது நிஜம் என்பதால் சொன்னேன்.

"சார், எங்கப்பா இந்தக் கம்பெனியில வேலை பாக்கல. அவரோட பேருதான் பாக்குது. ரூம் தப்பானது நான் பொண்ணா இருக்கிறதால இல்ல, படிவத்துல என்னை ஆம்பளையா போட்டதால. அதைத் திருத்தாம விட்டது என் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க. ஆனா என்னைக் கேளுங்க."

அவர் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னேன். 

குழந்தைசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க. எல்லார் பேரையும். மாசக் கடைசி வரைக்கும் டைம். மறுக்கா ஒருக்கா இப்படி ஆச்சுன்னா டெஸ்க்குத்தான் அம்மணி, அப்ப நான் யாரையும் கேக்க மாட்டேன்."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

மார்ச் 12

வெளியூர் போகிற இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் அப்பா பெயரில்தான் போய்வருகிறார்கள். ஆறு அப்பாக்கள் உயிரோடு இல்லை.

ஜெபராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பா ஞானதாஸ் செத்து எட்டு வருஷம் ஆச்சு. இருந்த காலத்துல மார்த்தாண்டத்தத் தாண்டினது கிடையாது. இப்பம் மாசத்துக்கு ரெண்டு தடவ நாக்பூர் போறாரு, அதும் ஏசியில!"

"திருத்தட்டுமா சார்?"

தன் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒங்களுக்குத் திருத்துங்க. எங்கப்பா போயிட்டு வரட்டும் தெய்வமே. அவருக்கு வேற யாரு டிக்கெட் போடுவா?"

புதிய படிவத்தில் கடைசிப் பெயரைக் கட்டாயம் இல்லாததாக மாற்றச் சொன்னேன். 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். சின்ன விஷயம்தான். ஆனாலும் நாள் முழுக்க ஏதோ பெரிய சட்டத்தைத் திருத்திய மாதிரி நடந்தேன்.

மார்ச் 19

ஏஜென்சி தங்களிடம் உள்ள பட்டியலைச் சரிபார்க்க அனுப்பியது. பெயர், பால், வயது, டிக்கெட் செய்தி போக வேண்டிய எண்.

தெய்வநாயகம், ஆண், 24. அதற்குப் பக்கத்தில் ஓர் எண். 4417 என்று முடிகிறது.

என் எண் அப்படி முடியாது.

என் படிவத்தில் தெய்வநாயகம் என்ற பெயருக்கு நேராக ஓர் எண்தான் இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் எண், அப்பாவின் எண். அதையே எடுத்திருக்கிறார்கள். டிக்கெட் போட்டதும் ஒரு செய்தி, இருக்கை உறுதியானதும் ஒரு செய்தி, எந்த ரயில், எந்த நாள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு.

இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். தண்ணீர். தயிர். மப்ளர். 'நாலு நாள் ஆனாலும் கெடாது.'

அது ஜனவரி 16. டிக்கெட் போட்டது 11.

மார்ச் 20

என் வரிசையைத் திருத்தி அனுப்பினேன். உமையாள். பெண். 24.

எண்ணை மாற்றவில்லை.

ஏப்ரல் 3

நிரந்தரம்! கடிதம் கையில். 'செல்வி தெ. உமையாள், களப் பயிற்சியாளர்.' குழந்தைசாமி சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் நாக்பூருங்க. புது மிஷின், மூணு நாள்" என்றார். ஜெபராஜ் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்து, "தெய்வம் போயிட்டு, உமையாள் வந்தாச்சு" என்று அறிவித்தார்.

மூன்று மணிக்கு டிக்கெட் போட்டார்கள். மூன்று பத்துக்குப் போன் வந்தது. அப்பா ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடவே மாட்டார். மாடிப்படிக்கு ஓடினேன்.

"என்னப்பா இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லட்டி."

 பின்னால் பள்ளிக்கூட ஆபீஸ் மின்விசிறி கடகடப்பது கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தத் தடவ நான் போகலையோ?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, குண்டூர் மண்டியில் நின்ற மாதிரி.

"இல்லப்பா. இந்தத் தடவ நான்தான். நாக்பூர்."

அந்தப் பெயரை அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

"தெரியும். நாப்பது டிகிரியாம் இப்பம். மப்ளர் வேண்டாம்."

"சரிப்பா."

"நாக்பூர்னா ஆரஞ்சுல்லா?"

"ஆமாப்பா."

"வரும்போது ஒரு நாலு வாங்கிட்டு வா."